காணாத பாதியை நம்பிய காசினி

சனிக்கோளை 13 ஆண்டுகள் சுற்றிவந்து, நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பூமிக்கு அனுப்பிய விண்கலத்தின் பெயர் காசினி. 1997 அக்டோபர் 15 அன்று அது புறப்பட்டது. 2004-ஆம் ஆண்டின் நடுவில் சனியைச் சென்றடைந்தது. 2017 செப்டம்பர் 15 அன்று அந்தக் கோளின் மேகங்களுக்குள் பாய்ந்து எரிந்தது. அந்தப் படங்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆனால் விண்கலத்திற்குத் தன் பெயரைத் தந்த மனிதரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

ஜியோவான்னி தொமெனிக்கோ காசினி 1625 ஜூன் 8 அன்று இத்தாலியில், பெரினால்தோ என்னும் மலைக் கிராமத்தில் பிறந்தார். தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். ஜெனோவாவில் இயேசு சபையினரின் கல்லூரியில் பயின்றார். இளமையில் அவருக்குச் சோதிடத்தில் பெரும் ஈடுபாடு இருந்தது. ஆழ்ந்து படித்தபின் அதில் உண்மையில்லை என்று கண்டு, வானியலில் மனத்தைச் செலுத்தினார். சனி என்றதும் இன்றும் ஜாதகக் கட்டத்தை நினைத்துக் கலங்குகிற நமக்கு, இந்தத் திருப்பம் நல்ல பாடம். அவர் சனியைக் கண்டு அஞ்சவில்லை. அதைப் படைத்தவரின் கைவண்ணத்தை அறிய விரும்பினார்.

1650-இல், 25 வயதில், பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்நகரில் இயேசு சபை அருள்பணியாளர்களான ரிச்சியோலியும் கிரிமால்தியும் அவருக்கு அறிவுத் தோழர்களாக இருந்தார்கள். அங்குள்ள புனித பெத்ரோனியோ பசிலிக்காவில் தொமினிக்கன் துறவி எக்னாசியோ தாந்தி 1576-இல் அமைத்திருந்த நண்பகல் கோடு, கோயிலை விரிவாக்கியபோது பயனற்றுப் போயிருந்தது. 1655-இல் காசினி புதிய கோடு ஒன்றை அமைத்தார். சுமார் 27 மீட்டர் உயரத்தில், கூரையில் ஒரு சிறு துளை. தரையில் ஏறத்தாழ 67 மீட்டர் நீளக் கோடு. நண்பகலில் அந்தத் துளை வழியாக வரும் கதிரவனின் ஒளிவட்டம் கோட்டின்மேல் விழும். உயிர்ப்புப் பெருவிழாவின் நாளைக் கணிக்க, வசந்தகாலத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளைத் துல்லியமாக அறிய வேண்டும். அதற்காகவே இந்த ஏற்பாடு.

அதே கோட்டின்மேல் விழுந்த ஒளிவட்டத்தின் அளவு, ஆண்டு முழுவதும் எப்படி மாறுகிறது என்றும் காசினி அளந்தார். கோள்களின் இயக்கத்தைப் பற்றி கெப்ளர் சொன்ன கணக்கோடு அது பொருந்தியது. 1633-இல் கலிலேயோவுக்குத் தண்டனை விதித்தது திருச்சபையே. அந்த வருத்தமான உண்மையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த 25 ஆண்டுகளுக்குள், திருத்தந்தையின் ஆட்சிக்குட்பட்ட ஒரு நகரின் கோயிலே வானாய்வுக் கூடமாக விளங்கியது என்பதும் உண்மை.

வியாழன் ஏறத்தாழ 9 மணி 56 நிமிடத்தில் தன்னைத்தானே சுற்றுகிறது என்று 1665-இல் காசினி கணித்தார். அவர் புகழ் பரவியது. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் அழைப்பை ஏற்று 1669-இல் பாரிசு சென்றார். அங்கே புதிய வானாய்வுக் கூடத்தின் பணிகளுக்குத் தலைமை ஏற்றார். சனியின் துணைக்கோள்களில் நான்கை அவர் கண்டுபிடித்தார்: 1671-இல் இயாபெட்டஸ், 1672-இல் ரியா, 1684-இல் டெத்திஸ், டயோனி. சனியின் வளையத்தை இரண்டாகப் பிரிக்கும் இடைவெளியை 1675-இல் கண்டார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இவற்றுள் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியது இயாபெட்டசைப் பற்றி. 1671 அக்டோபரில், சனிக்கு மேற்குப் பக்கத்தில், மங்கிய புள்ளியாக அதைக் கண்டார் காசினி. அது சனியைச் சுற்றிவர ஏறத்தாழ 79 நாள் ஆகும். சில வாரங்களில் கிழக்குப் பக்கம் வந்திருக்க வேண்டும். அங்கே தேடினார், காணவில்லை. பின்னர் மேற்குப் பக்கத்தில் அது மீண்டும் தென்பட்டது. மறுபடியும் கிழக்கே மறைந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை.

காணவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விட்டது என்று அவர் முடிவு செய்யவில்லை. அதன் ஒரு பாதி ஒளியுள்ளது, மறுபாதி மிகவும் இருண்டது. நமது நிலாவைப் போல அதுவும் தன் கோளுக்கு ஒரே முகத்தைக் காட்டியபடி சுற்றுகிறது. ஆகவே கிழக்கே வரும்போது அதன் இருண்ட பாதி நம் பக்கம் திரும்புகிறது என்று விளக்கினார். காத்திருந்தார். முதன்முதலில் கண்டபோது அவருக்கு வயது 46. 1705-இல், இன்னும் சிறந்த தொலைநோக்கியின் உதவியால், கிழக்குப் பக்கத்தில் மிக மங்கலாக அதைக் கண்டபோது வயது 80. இடையில் கழிந்தவை 34 ஆண்டுகள்!

எல்லாவற்றிலும் அவர் சரியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. ஒளி பயணம் செய்ய நேரம் எடுக்கிறது என்று ரோமர் காட்டியதை அவர் ஏற்கவில்லை. நியூட்டனின் ஈர்ப்புக் கொள்கையையும் ஏற்கவில்லை. அறிஞர்களும் நம்மைப் போன்ற மனிதர்களே. ஆனால் இயாபெட்டஸ் விஷயத்தில் அவர் சொன்னது சரியே.

1980-களின் தொடக்கத்தில் வாயேஜர் விண்கலங்கள் தொலைவிலிருந்து அதைப் படம் எடுத்தன. 2007 செப்டம்பர் 10 அன்று காசினி விண்கலம் அதற்கு மிக அருகில் பறந்தது. ஒரு பக்கம் பனிக்கட்டியின் வெண்மை. மறுபக்கம் கரியைப் போன்ற கருமை. வேறொரு துணைக்கோளிலிருந்து சிதறும் கரிய தூசு, இயாபெட்டசின் முன்பக்கத்தில் படிகிறது. கருமை வெயிலை அதிகம் உறிஞ்சுவதால் அங்குள்ள பனி ஆவியாகி மறுபக்கத்தில் உறைகிறது. கரிய பக்கம் மேலும் கருக்கிறது. வெள்ளைப் பக்கம் மேலும் வெளுக்கிறது. அந்த இருண்ட நிலப்பரப்பிற்கும் காசினியின் பெயரையே சூட்டியுள்ளனர்.

இவ்வளவு கண்ட அந்தக் கண்கள் இறுதிக் காலத்தில் பார்வையை இழந்தன. 1712 செப்டம்பர் 14 அன்று, தமது 87-ஆம் வயதில், காசினி பாரிசில் காலமானார். அன்று திருச்சிலுவை மகிமை விழா.

அன்பார்ந்தவர்களே, நம் வாழ்விலும் இறைவன் மிக அருகில் இருப்பதாக உணரும் காலங்கள் உண்டு. பிறகு நோய் வருகிறது, வேலை போகிறது, பிள்ளைகள் கோயிலை விட்டு விலகுகிறார்கள், எத்தனை செபித்தும் பதில் வராதது போல் தோன்றுகிறது. அப்போது, அவர் இல்லை என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிறோம். காசினி செய்தது வேறு. ஒளியில் கண்டதை இருளில் மறுக்கவில்லை. காணாத நாட்களிலும் தம் கருவியை அதே திசையில் வைத்துக் காத்திருந்தார். கண்மூடித்தனமாகவும் நம்பவில்லை, கண்டதை வைத்தே காணாததைப் பற்றிச் சிந்தித்தார். நம்பிக்கையும் அப்படிப்பட்டதே. ஆண்டவர் நமக்குச் செய்த நன்மைகளை நினைவில் வைத்திருந்தால், அவர் மறைந்திருப்பதாகத் தோன்றும் நாட்களிலும் நம்மால் செபத்தில் நிலைத்திருக்க முடியும்.

கல்வாரியில் வானம் இருண்டபோது, எல்லாம் முடிந்தது என்றே பலர் எண்ணினார்கள். அன்னை மரியா அங்கேயே நின்றார். இன்று துன்பத்தின் இருண்ட பக்கத்தில் நிற்கிற நம் சகோதர சகோதரிகளுக்கு அத்தகைய உறுதி கிடைக்க நாம் மன்றாடுவோம். அவர்கள் தனியே நிற்காதபடி அவர்களோடு நிற்கவும் செய்வோம்.