கிராமத்திற்குக் கணக்குக் கற்பித்த குமரப்பா

சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூருக்கும், திருக்கச்சி நம்பிகள் வாழ்ந்த பூவிருந்தவல்லிக்கும் அணித்தே அமைந்தது நம் குமணன்சாவடி. செம்பரம்பாக்கம் ஏரி நீர் பாய்ந்து நெல் விளைந்த நிலங்கள் இவ்வட்டாரத்தில் பல இருந்தன. அவற்றுட் பெரும்பகுதி இன்று மனைகளாகிவிட்டது. ஏரியோ மாநகரின் குடிநீர்த் தேக்கமாயிற்று. உழவர் வீட்டுப் பிள்ளைகள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் சென்றனர். சென்றவர்களைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், நிலத்தையும் நீரையும் தொழிலையும் பற்றி அவர்களுக்கு நாம் என்ன கற்பித்தோம் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அவ்வினாவை வாழ்நாள் முழுதும் நெஞ்சிற் சுமந்த தமிழர் ஒருவரை நம் இலக்கிய வட்டத்தின் இப்பத்தாம் ஆண்டு மலரில் நினைவுகூர்தல் பொருத்தமாகும். அவர்தாம் ஜே.சி. குமரப்பா.

இளமையும் திருப்பமும்

1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஜோசப் கார்னீலியஸ் என்பது அன்றைய பெயர். இலண்டன் சென்று கணக்காய்வுக் கலை பயின்று, முதல் உலகப்போர்க் காலம் முழுதும் ஆங்கேயே பணியாற்றி, 1919இல் அன்னையின் விருப்பப்படி தாயகம் திரும்பினார். பம்பாயில் கணக்காய்வுத் தொழில் நடத்தினார். மேனாட்டு உடையும் பழக்கமும் உடையவராய், வசதியுடன் வாழ்ந்தார்.

1927இல் அமெரிக்கா சென்றது அவர் வாழ்வைத் திருப்பியது. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை பயின்றபின், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதியியல் கற்றார். இந்தியா ஏன் வறுமையுற்றது என்பதை அரசின் வரவு செலவுக் கணக்குகளைக் கொண்டே ஆராயத் தொடங்கிய கணக்காளர், அந்நிய ஆட்சியின் இயல்பைக் கண்டுகொண்டார். தாயகம் திரும்பிய அவர், அவ்வாராய்ச்சியை வெளியிடும் பொருட்டு 1929 மே 9ஆம் நாள் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்த முதியவரே அடிகள் என்பதை முதலில் அவர் அறியவில்லை. ஆராய்ச்சி 'யங் இந்தியா'வில் தொடராக வந்தது. கார்னீலியஸ் தம் குடும்பத்தின் பழம்பெயரை ஏற்றுக் குமரப்பா ஆனார்.

மாத்தர் வட்டத்தில்

அடிகள் அவரிடம் ஒப்படைத்த முதற்பணி, குசராத்தின் கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தின் பொருளாதார நிலையை ஆராய்வது. தமக்குக் குசராத்தி மொழி தெரியாதே எனத் தயங்கினார். குசராத் வித்தியாபீட மாணவர்கள் துணையாயினர். இளைஞர்களும் அவரும் ஊர் ஊராகச் சென்றனர். நிலம், மாடு, விளைச்சல், கடன், வரி என ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் ஏட்டில் ஏறியது. உழைப்பையும் செலவையும் கழித்துப் பார்த்தால் உழவனுக்கு மிஞ்சுவது ஏதுமில்லை என்பது புலனாயிற்று.

அம்மாணவர்கள் அங்கே கற்றது புத்தகப் பொருளாதாரமன்று. ஊரிலிருந்து வெளியே போவது எவ்வளவு, உள்ளே வருவது எவ்வளவு என்று கேட்கக் கற்றனர். பின்னாளில் குமரப்பா நடத்திய பள்ளிகள் அனைத்திற்கும் இதுவே முதற்பாடம் எனலாம்.

கணக்கில் அவர் எவருக்கும் விலக்களித்தவரல்லர். 1934இல் பீகார் நிலநடுக்க நிவாரணப் பணியில் நிதிப்பொறுப்பை ஏற்றிருந்தபோது, காந்தியடிகளின் குழுவினர்க்கு ஆகும் செலவையும் அந்நிதியிலிருந்து தர மறுத்தார். அடிகள் அதனை மகிழ்ந்து ஏற்றார் என்பர்.

மகன்வாடிப் பள்ளி

1934 திசம்பரில் அனைத்திந்தியக் கிராமத் தொழிற்சங்கம் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளரானார். சம்னாலால் பஜாஜ் வழங்கிய வார்தாத் தோட்டத்தில் மகன்வாடி எழுந்தது. பல மாகாணங்களிலிருந்தும் இளைஞர் வந்து பயின்றனர். செக்கில் எண்ணெய் ஆட்டுதல், நெல் குத்துதல், தேனீ வளர்த்தல், பனைவெல்லம் காய்ச்சுதல், கையால் காகிதம் செய்தல் ஆகியவை அங்குக் கற்பிக்கப்பெற்றன. புகையில்லா அடுப்பும் தாவர எண்ணெயில் எரியும் விளக்கும் அங்கே உருவாயின.

இவை பழமைப்பற்றால் எழுந்தவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கணக்கு இருந்தது. எள்ளும் கடலையும் ஊர்ச்செக்கில் ஆடினால், பிண்ணாக்கு ஊரிலேயே தங்கி மாட்டுக்கும் மண்ணுக்கும் உணவாகும். வித்தாக ஏற்றுமதியானால் அதுவும் போய்விடும். கரும்புக்கு நல்ல நிலமும் நீரும் வேண்டும். பனையோ வறண்ட மேட்டிலும் வளரும். ஆகவே வெல்லத்தைப் பனையிலிருந்து பெற்றால் நன்செய் உணவுப் பயிருக்கு மிஞ்சும். ஆலை தீட்டிய வெள்ளரிசியில் தவிட்டோடு உயிர்ச்சத்தும் நீங்கிவிடுகிறது. இவ்வாறு காரணம் காட்டிக் கற்பித்ததால், தொழில் கற்ற இளைஞன் வெறும் கைவினைஞனாக நில்லாமல் தன் ஊரின் வளத்தை எடைபோடத் தெரிந்தவனானான்.

நிலைத்த பொருளாதாரம்

விடுதலைப் போரிற் பலமுறை சிறை சென்றவர் குமரப்பா. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சபல்பூர்ச் சிறையிலிருந்தபோது எழுதியதே நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல். நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கத் தீர்வன; காடும் ஆறும் முறையோடு கொண்டால் மீண்டும் மீண்டும் தருவன. முதலை எடுத்துச் செலவிட்டு அதனை வருவாய் என்று எழுதும் கணக்கை எந்தக் கணக்காய்வாளரும் ஒப்பார். நாடுகள் அதைத்தான் செய்கின்றன என்று அவர் கண்டார். தேன் எடுக்கும்போதே மலருக்கு மகரந்தச் சேர்க்கையும் செய்யும் தேனீயை மனிதனுக்கு வழிகாட்டியாக நிறுத்தினார். ஓர் இலட்சம் மக்களுக்குச் சமச்சீர் உணவு கிடைக்க எந்தப் பயிருக்கு எவ்வளவு நிலம் ஒதுக்கவேண்டும் என்று பட்டியலும் வகுத்தார். பின்னாளில் ஷூமாக்கர் 1973இல் வெளியிட்ட தம் நூலில் குமரப்பாவை எடுத்தாண்டார்.

விடுதலைக்குப்பின் காங்கிரசின் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று, உழுபவனுக்கே நிலம் உரியது என்னும் நெறியில் 1949இல் அறிக்கை அளித்தார். நாடு பேராலைகளின் வழியே சென்றது. விட்டுக்கொடாத அவரது இயல்பு அவரைத் தனிமைப்படுத்தியது. அவர் வளர்த்த கைத்தொழில்கள் பல, ஆலைப்போட்டியைத் தாங்கவில்லை. அவர் மறைவுக்குப்பின் வந்த புதிய வித்துகளும் இரசாயன உரமும் நாட்டின் பசியைப் பெரிதும் போக்கின என்பதையும் மறைத்தற்கில்லை. ஆனால் மண்ணை ஆராயாமல் உரமிடுதல் கேடு என்றும், உழவு எந்திரம் மாட்டைப்போல் சாணம் தாராது என்றும் அவர் எச்சரித்தவை, மண்வளமும் நிலத்தடி நீரும் குன்றிய பின்னரே பலர்க்கும் விளங்கின.

கல்லுப்பட்டியில்

இறுதியாண்டுகளை மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். அவர் குடிலில் ஏழை உழவன் ஒருவனின் படம் இருந்தது. வருவோரிடம் அவனைத் தம் குருவுக்கும் குரு என்று அறிமுகம் செய்வார் என்பர். திருமணம் செய்துகொள்ளாமல் தொண்டிலேயே வாழ்ந்த அப்பெருந்தகை, 1960 சனவரி 30ஆம் நாள், தம் தலைவர் மறைந்த அதே நாளில், சென்னையில் மறைந்தார்.

2015 திசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பதையும், அதன் முழு உயரம் 24 அடி என்பதையும் நாம் அச்சத்தோடு தெரிந்துகொண்டோம். வெள்ளம் வந்தபின் கற்ற கணக்கு அது. வருமுன் கற்பிப்பதே குமரப்பாவின் வழி. நம் தெருக்களில் இனி நெல் விளையப்போவதில்லை. எனினும் ஏரிக்கரைக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று, இந்நீர் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது, நாம் எடுப்பது எவ்வளவு, திருப்பித் தருவது எவ்வளவு என்று கேட்கச் சொல்லித் தரலாம். தஞ்சையிற் பிறந்து வார்தாவில் கற்பித்த அக்கணக்காளருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.