முகக்கவசம் அணிவித்த பினாங்கு டாக்டர்

முகக்கவசம் என்றதும் கோவிட் காலம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதை மருத்துவப் பணியாளர்களுக்கு அணிவித்துக் கொள்ளை நோயை எதிர்கொண்டவர் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென் தே.

1879ஆம் ஆண்டு பிறந்த அவர், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார். 1908இல் சீனா சென்று இராணுவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார்.

1910 டிசம்பரில், வடக்கே மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் பிளேக் பரவியது. நோயைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட டாக்டர் வூவுக்கு அப்போது வயது 31.

பிணத்தை அறுப்பது பாவம் எனக் கருதப்பட்ட காலம் அது. ஆயினும் நோயால் இறந்த ஒரு பெண்ணின் உடலை அவரே பரிசோதித்தார். நோய் மூச்சுக்காற்றின் வழி பரவுகிறது எனக் கண்டறிந்து, துணியும் பஞ்சும் கொண்ட முகக்கவசத்தைத் தாமும் அணிந்து, பணியாளர்களையும் அணியச் சொன்னார்.

வயதிலும் அனுபவத்திலும் மூத்தவரான பிரெஞ்சு மருத்துவர் மெனி இதை ஏற்கவில்லை. முகக்கவசமின்றி நோயாளிகளைப் பார்த்த அவர், சில நாள்களில் அதே நோய்க்குப் பலியானார். அதன் பிறகே பலரும் முகக்கவசத்தை நம்பினர்.

உயிர்ப்பயம் சூழ்ந்த நிலையில், டாக்டர் வூ வேலையைத் தெளிவாகப் பிரித்துக் கொடுத்தார். நோய் கடுமையாக இருந்த பகுதி நான்கு வட்டாரங்களானது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவர் பொறுப்பேற்றார்; அவருக்குக் கீழ் மாணவர்களும் சுகாதாரப் பணியாளர்களும் இருந்தனர். பயிற்சியில்லாத காவலர்களுக்குப் பதிலாகப் பயிற்சி பெற்றவர்கள் வந்தனர். இரயில் பெட்டிகள் தனிமைப்படுத்தும் இடங்களாயின. யார், எங்கே, என்ன செய்ய வேண்டும் என்ற குழப்பம் நீங்கியது.

மண் உறைந்து கிடந்ததால் புதைக்க முடியாமல் குவிந்திருந்த ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சடலங்களை, அரச அனுமதி பெற்று எரிக்க ஏற்பாடு செய்தார். 1911 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் அடங்கியது. மஞ்சூரியாவில் சுமார் 60,000 பேரைப் பலிகொண்ட அந்நோய்க்கு, களத்தில் நின்ற பணியாளர்களிலும் பலர் இரையாயினர்.

1937இல் மலாயா திரும்பிய டாக்டர் வூ, ஈப்போவில் கிளினிக் நடத்தினார். 1960இல் பினாங்கில் காலமானார்.

ஆபத்தான வேலைக்கு ஆள்களை அனுப்பும் தலைவர், முதலில் தாமே அதில் இறங்க வேண்டும். பாதுகாப்பும் பொறுப்பும் கொடுக்க வேண்டும். நம் மருத்துவமனைகளில் இரவு பகலாக உழைக்கும் தாதியரும் துப்புரவுப் பணியாளர்களும் தங்கள் மேலதிகாரிகளிடம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.