பொன்னிற மருந்தும் சுப்பாராவும்

பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 சனவரி 12 அன்று எல்லப்பிரகட சுப்பாராவ் பிறந்தார். தந்தையின் மறைவு குடும்பத்தை வறுமையில் ஆழ்த்தியது. தாய் வெங்கம்மா தம் நகைகளை விற்று மகனைப் படிக்கவைத்தார். மகனோ மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தவறினார். சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை எழுதியே தேறினார். உயிர்வேதியியல் நூல்களில் நிலைத்த பெயருக்குரியவரின் கல்வி இவ்வாறுதான் தொடங்கியது.

துறவு நெறியை நாடிய அவரைத் தாயின் மறுப்பு தடுத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடையில் அறுவை அரங்கிற்குள் நுழைந்தார். அறுவை மருத்துவப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. தேர்வுகளை நன்கு எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிட்டியது. இதனினும் பெரிய துயர் இல்லத்தில் நேர்ந்தது. ஸ்புரூ என்னும் வெப்பமண்டலக் குடல்நோய் உடன்பிறந்தவரின் உயிரைப் பறித்தது. பின்னர் அவரையும் பற்றியது. ஆயுர்வேத மருத்துவத்தால் பிழைத்த அவர், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிலகாலம் கற்பித்தார்.

1920களின் தொடக்கத்தில் கடல் கடந்து பாஸ்டன் நகரத்தை அடைந்தார். ஹார்வர்டில் படிக்கும்போது, மருத்துவமனையில் நோயாளர்களின் கழிகலங்களைத் தூய்மை செய்தும் பொருளீட்டினார். பாஸ்பரசை அளவிடும் முறையை 1925இல் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து வகுத்தார். உயிரணுவின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யைக் கண்டறிந்தோர் வரிசையிலும் இருவர்க்கும் இடமுண்டு. எனினும் அப்பல்கலைக்கழகத்தில் நிலையான பதவி கிட்டவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்திற்குச் சென்றார். அங்கு அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. உடன்பிறந்தவரைக் கொன்ற ஸ்புரூவுக்கு அது மருந்தாயிற்று!

அவ்வாய்வகத்தின் மற்றொரு பணி நுண்ணுயிர் எதிர்ப்பொருள்களைத் தேடுவது. பெனிசிலினுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பல இருந்தன. தாவரவியல் அறிஞர் பெஞ்சமின் டக்கர் பல நிலங்களின் மண்ணை வரவழைத்து ஆராய்ந்தார். மிசௌரி மாநில வயல் ஒன்றின் மண்ணிலிருந்த நுண்ணுயிர், பொன்னிறப் பொருளொன்றைச் சுரந்தது. அதற்கு ஆரியோமைசின் என்று பெயரிட்டனர். சுப்பாராவின் தலைமையில் அது மருந்தாக வளர்ந்து, 1948இல் உலகிற்கு அறிமுகமானது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அதுவே. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், 53ஆம் அகவையில், சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். தாயகம் திரும்பும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவேயில்லை.

அம்மருந்துக் குடும்பத்திற்கு மற்றோர் ஆற்றலும் உண்டென்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே புலப்பட்டது. உடலில் கிருமி நுழைந்தால் வெள்ளையணுக்கள் குருதிக்குழாயை விட்டு வெளியேறி அவ்விடத்தில் குவிகின்றன. அவற்றுள் முந்தி விரைபவை நியூட்ரோஃபில்கள். அவை கிருமியை விழுங்குவதோடு, கொலாஜன் என்னும் இழைப்புரதத்தை அறுக்கும் நொதிகளையும் உமிழ்கின்றன. சிவப்பும் சூடும் வீக்கமும் வலியும் தோன்றுகின்றன. இதுவே அழற்சி. அளவோடு நின்றால் அது காவல். அடங்காவிட்டால், ஊரைக் காக்க வந்த படை ஊரையே சூறையாடுவது போல, ஈறும் மூட்டும் அரிக்கப்படுகின்றன.

லெடர்லி நிறுவனமே பின்னாளில் உருவாக்கிய மினோசைக்ளின் என்னும் டெட்ராசைக்ளினை, நியூயார்க்கில் கோலப் என்ற பல்மருத்துவ அறிஞரின் குழு நீரிழிவுற்ற எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தது. கிருமியே அற்ற சூழலில் வளர்ந்த எலிகளிலும் ஈற்றை அரிக்கும் நொதியின் வேகம் குறைந்தது. கொல்வதற்குக் கிருமி இல்லாத இடத்திலும் மருந்து வேலைசெய்தது! 1983இல் வெளியான இம்முடிவு புதிய வழியைத் திறந்தது. அந்நொதிகள் இயங்கத் துத்தநாக அயனி தேவை. டெட்ராசைக்ளின் மூலக்கூறோ உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. வெள்ளையணுக்கள் அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதங்களைச் சுரப்பதையும் இம்மருந்துகள் குறைப்பது பிற ஆய்வுகளில் தெரியவந்தது.

கிருமியைக் கொல்லப் போதாத அளவாகிய 20 மில்லிகிராம் டாக்சிசைக்ளின், ஈறுநோய்க்காக 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குறைந்த அளவில் நுண்ணுயிர் எதிர்ப்பொருளை உண்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடுமோ என்னும் ஐயம் இயல்பானதே. இம்மருந்தைப் பல் மருத்துவரின் கண்காணிப்பிலேயே உட்கொள்ள வேண்டும். வேதியியலாரோ மூலக்கூற்றிலிருந்து ஒரு பகுதியை நீக்கி, கிருமியைக் கொல்லும் திறனை இழந்தும் நொதியை அடக்கும் திறனை இழக்காத டெட்ராசைக்ளின்களையும் படைத்துள்ளனர்.

சுப்பாராவின் ஆய்வகத்தில் தோன்றிய மற்றொரு மருந்தின் கதையும் இதனை ஒத்ததே. புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட மெத்தோட்ரெக்சேட், சிறிய அளவில், வாரம் ஒருமுறை, முடக்குவாதத்தால் விரல் மடக்க இயலாதோரின் மூட்டழற்சியை இன்று தணித்து வருகிறது.