விசாரணையின்றி மாண்டலேவுக்கு: லஜபதி ராய் மீது பாய்ந்த 1818-ஆம் ஆண்டுச் சட்டம்

புதுடெல்லி: லாலா லஜபதி ராய் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1928-ஆம் ஆண்டு லாகூர் தடியடியே. அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, பெரும்பாலோர் மறந்துவிட்ட ஒரு பழஞ்சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து ஆங்கிலேய அரசு அவர் மீது ஏவியது.

1865-ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று பஞ்சாபின் துடிகே கிராமத்தில் பிறந்த லஜபதி ராய், லாகூரில் சட்டம் பயின்று, ஹிசாரிலும் பின்னர் லாகூரிலும் வழக்குரைஞராகத் தொழில் புரிந்தார். ஆரிய சமாஜப் பணிகளிலும் காங்கிரஸிலும் ஈடுபட்டார்.

1907-இல் செனாப் கால்வாய்ப் பகுதி நிலங்கள் தொடர்பான குடியேற்றச் சட்ட முன்வடிவும், பாரி தோஆப் கால்வாய்ப் பாசன வரி உயர்வும் பஞ்சாப் விவசாயிகளைக் கொதிப்படையச் செய்தன. அஜித் சிங்கும் லஜபதி ராயும் கூட்டங்களில் உரையாற்றினர். 1857 எழுச்சியின் 50-ஆம் ஆண்டு நிறைவு நெருங்கியதால் அரசின் அச்சம் பெருகியது. அந்நாளுக்கு முந்தைய தினமான மே 9 அன்று லஜபதி ராய் லாகூரில் கைது செய்யப்பட்டார். வழக்கு இல்லை, குற்றப்பத்திரிகையும் இல்லை. 1818-ஆம் ஆண்டின் வங்காள மூன்றாம் ஒழுங்குவிதியே போதுமானதாக இருந்தது.

அரசுக்கு ஆபத்தானவர் எனக் கருதப்படும் எவரையும் விசாரணையின்றிக் காவலில் வைக்க அவ்விதி இடமளித்தது. கிழக்கிந்திய கம்பெனி அதனை இயற்றியபோது பஞ்சாப் அதன் ஆளுகையிலேயே இல்லை; ரஞ்சித் சிங்கின் ஆட்சியில் இருந்தது. 1872-இல் கூகா இயக்கத் தலைவர் ராம் சிங்கை ரங்கூனுக்கு அனுப்ப அவ்விதி பயன்பட்டது. அதற்கு 35 ஆண்டுகளுக்குப் பின், நீதிமன்றத்தையே தொழிற்களமாகக் கொண்டிருந்த ஒருவர், நீதிமன்ற வாசலை மிதிக்காமலேயே பர்மாவின் மாண்டலே கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டார். சில வாரங்களில் அஜித் சிங்கும் அங்கே அனுப்பப்பட்டார்.

விந்தை என்னவெனில், கிளர்ச்சிக்கு வித்திட்ட சட்ட முன்வடிவுக்கு வைஸ்ராய் மின்டோ அதே மே மாதத்திலேயே ஒப்புதல் மறுத்துவிட்டார். ஆயினும் கைதிகள் நவம்பரில்தான் விடுவிக்கப்பட்டனர். சூரத் காங்கிரஸுக்கு லஜபதி ராயைத் தலைவராக்கத் திலகர் தரப்பு விரும்பியது. அவர் அதை ஏற்கவில்லை.

சிப்பாய்களின் விசுவாசத்தைக் குலைக்க முயன்றதாகத் தம்மைப் பற்றி எழுதிய கல்கத்தாவின் இங்கிலீஷ்மேன் நாளிதழ் மீது அவர் அவதூறு வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற்றார். அரசு நீதிமன்றத்துக்குக் கொண்டுவரத் துணியாத பழியை, அவரே கொண்டுவந்து பொய்யென நிறுவினார். ஆனால் சட்டம் மீண்டும் உறங்கவில்லை. 1908 டிசம்பரில் அஸ்வினி குமார் தத்தா, கிருஷ்ண குமார் மித்ரா உள்ளிட்ட வங்கத் தலைவர்கள் ஒன்பது பேர் அதே விதியின்கீழ் நாடு கடத்தப்பட்டனர்.

லஜபதி ராய் 1920-இல் கல்கத்தா காங்கிரஸ் சிறப்பு மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1928 செப்டம்பரில், வெளிநாட்டுக் கம்யூனிஸ்டுகளை வெளியேற்ற அரசுக்கு அதிகாரம் வழங்கும் பொதுப் பாதுகாப்பு மசோதா மத்திய சட்டப்பேரவைக்கு வந்தபோது அவர் கடுமையாக எதிர்த்தார். வாக்குகள் சமமாகப் பிரிய, அவைத்தலைவர் வித்தல்பாய் படேலின் வாக்கால் மசோதா தோற்றது. அடுத்த மாதம் 30-ஆம் தேதி, சைமன் குழுவுக்கு எதிரான லாகூர் ஊர்வலத்தில் லஜபதி ராய் தடியடிக்கு உள்ளானார். நவம்பர் 17 அன்று காலமானார்.