ஜமீன் வீட்டில் பிறந்த முதல் மந்திரி

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குமாரமங்கலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. முன்பு சேலம் ஜில்லாவில் இருந்தது. இப்போது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர் ஜமீன் குடும்பத்தில் 1889-ம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் பி. சுப்பராயன்.

வீட்டில் செல்வம் இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். பிறகு கப்பல் ஏறி இங்கிலாந்து போய், ஆக்ஸ்போர்டிலும் படித்தார்.

அதே காலத்தில் ஒரு பண்ணையாளின் குடிசையில் பிறந்த பிள்ளை என்ன ஆகியிருப்பான்? மாடு மேய்த்திருப்பான். கோவிலுக்குள் நுழைய அவனுக்கு உரிமை இல்லை. இது அறிவில் உள்ள வித்தியாசமா? இல்லை. பிறந்த வீட்டில் உள்ள வித்தியாசம்.

சமூகவியல் சொல்வது என்ன?

ஒருவன் முன்னேறாவிட்டால், அவன் சோம்பேறி என்று சொல்லிவிடலாம். ஒரு கூட்டமே தலைமுறை தலைமுறையாக முன்னேறாவிட்டால்? அப்போது குறை ஆளிடம் இல்லை. சமூகத்தின் அமைப்பில் இருக்கிறது. சமூகவியல் என்னும் படிப்பு இதைத்தான் ஆராய்கிறது. யாரிடம் நிலம், யாரிடம் படிப்பு, யாரிடம் பதவி என்று அது கணக்குப் பார்க்கிறது.

சுப்பராயன் மணந்தது வேறு சாதி, வேறு மொழிப் பெண்ணை. அவர் பெயர் ராதாபாய். ராதாபாயின் தந்தை மங்களூர் குத்முல் ரங்கராவ். தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர். அதற்காகச் சொந்தச் சாதியார் ஒதுக்கி வைத்தும் அவர் பணியை விடவில்லை.

பன்னிரண்டு வேலை

1926-ம் ஆண்டு முடிவில் சுப்பராயன் சென்னை ராஜதானியின் முதல் மந்திரி ஆனார். சட்டசபையில் அவருக்கென்று பெரிய கட்சி கிடையாது.

அப்போது சர்க்கார் உத்தியோகங்களில் பிராமணர்கள் தங்கள் தொகைக்கு மிஞ்சி இருந்தார்கள். ஆங்கிலப் படிப்பு அவர்களுக்கு முந்திக் கிடைத்திருந்தது. மற்றவர்களுக்கும் பங்கு வேண்டும் என்று நீதிக்கட்சி ஆட்சியில் 1921-ல் உத்தரவு பிறந்தது. ஆனால் அது சரியாக நடைமுறைக்கு வரவில்லை. சுப்பராயன் மந்திரிசபையில் இருந்த எஸ். முத்தையா முதலியார்தான் 1928-ல் அதை நடத்திக் காட்டினார்.

கணக்கு இதுதான்: 12 வேலை காலியானால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1.

கடைசி எண்ணைப் பாருங்கள். கழனியில் அதிகம் பாடுபட்டவர்களுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று! மக்கள்தொகையில் அவர்கள் பங்கு அதைவிடப் பெரிது. நியாயம் செய்ய வந்த உத்தரவிலும் மேல்படி, கீழ்படி இருந்தது. 1947-ல் உத்தரவு மாறியபோது 14 வேலைக்கு அவர்களுக்கு 2 என்று ஆனது.

1951-ல் இந்த ஏற்பாடு செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி மூண்டது. எதுவும் கிடைக்காத காலத்தில் மௌனமாக இருந்த வீடுகளில், அதற்குள் ஒரு பிள்ளை படித்திருந்தான். ஒருவன் உத்தியோகம் பார்த்தான். திறந்த கதவை மூடினால் கோபம் வராதா? அதே ஆண்டு அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

கோவில் கதவு

பதவி போன பின்பும் சுப்பராயன் சும்மா இருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் கோவிலுக்குள் போக வழி செய்யும் மசோதாவை 1932-ல் முன்வைத்தார். வைஸ்ராய் அனுமதி தரவில்லை. பிறகு ராஜாஜி மந்திரிசபையில் சுப்பராயன் இடம் பெற்றார். அந்த ஆட்சியில், 1939-ல் மதுரை மீனாட்சி கோவில் கதவு திறந்தது. ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தது.

1962-ல் மகாராஷ்டிர கவர்னராக இருந்தபோது சுப்பராயன் காலமானார்.

அவருக்கு வாழ்வு கொடுத்த ஜமீன் முறை 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. யாருக்கு எத்தனை இடம் என்ற கணக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.