பார்வையின் பாதையை வரைந்தவர்

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் உள்ள ஒரு சிறிய மலையூரில், 1852ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் சாந்தியாகோ ரமோன் இ கஹால் பிறந்தார். ரமோன் என்பது தந்தைவழிப் பெயர்; கஹால் என்பது தாய்வழிப் பெயர். இரண்டையும் சேர்த்து வழங்குவது அந்நாட்டு மரபு. உலகம் அவரைக் கஹால் என்றே அறியும்.

அவருடைய தந்தையார் வறிய குடும்பத்தில் பிறந்து, கடும் உழைப்பால் மருத்துவரானவர். மகனும் மருத்துவனாக வேண்டும் என்று அவர் விரும்பினார். மகனுக்கோ ஓவியத்தின்மீதே ஆசை. காகிதம் கிடைக்காவிடில் சுவர்களிலும் கதவுகளிலும் வரைந்தான். ஒருநாள் தந்தையார் மகனின் ஓவியம் ஒன்றை, தேவாலயச் சுவருக்கு வண்ணம் பூச வந்திருந்த ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்டார். அவர் அதில் திறமை ஏதும் இல்லை என்று தீர்ப்புரைத்தார். அன்றுமுதல் வீட்டில் ஓவியத்திற்கு இடமில்லாமற் போயிற்று. பள்ளிப் படிப்பிலும் மனம் ஒன்றாத மகனை, முடிதிருத்துபவர் ஒருவரிடமும் பின்னர்க் காலணி தைப்பவர் ஒருவரிடமும் தொழில் பழகுமாறு தந்தையார் அனுப்பினார்.

1868ஆம் ஆண்டுக் கோடையில் தந்தையார் வேறொரு வழியை நாடினார். கைவிடப்பட்ட இடுகாட்டிற்கு மகனை அழைத்துச் சென்று, அங்குக் கிடந்த எலும்புகளைத் திரட்டி, ஒவ்வொன்றின் அமைப்பையும் கற்பித்தார். மகன் அவற்றை வரைந்து வரைந்து கற்றான். பல்லாண்டுகளாகப் பிரிந்து நின்ற தந்தையின் விருப்பமும் மகனின் ஆசையும் அங்கே ஒன்றாயின.

கஹால் 1873இல் மருத்துவப் பட்டம் பெற்றார். படை மருத்துவராகக் கியூபா சென்று, மலேரியாவால் உடல் நலிந்து தாயகம் திரும்பினார். படைப்பணியில் சேமித்த பணத்தைக் கொண்டு ஒரு நுண்ணோக்கி வாங்கினார். பின்னர் உடற்கூறியல் பேராசிரியரானார்.

அக்காலத்தில் மூளையின் அமைப்பை அறிவது அரிதாக இருந்தது. நுண்ணோக்கியில் நோக்கினால், அடர்ந்த காட்டில் கிளைகள் பின்னிக் கிடப்பதுபோல் நரம்பிழைகள் தோன்றின. ஓர் இழை எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பது விளங்கவில்லை. ஆகவே, நரம்புகள் அனைத்தும் இடைவெளியின்றி இணைந்த ஒரே வலை என அறிஞர் பலர் கருதினர்.

இத்தாலிய அறிஞர் காமில்லோ கோல்ஜி 1873இல் ஒரு சாயமுறையை வெளியிட்டிருந்தார். பொட்டாசியம் டைகுரோமேட், வெள்ளி நைட்ரேட் ஆகியவற்றில் மூளைத் துணுக்கை ஊறவைத்தால், பல செல்களுள் சில மட்டும் முழுமையாகக் கருநிறம் பெறும். 1887இல் இம்முறையை மத்ரித் நகரில் கண்ட கஹால் வியப்புற்றார். சாயமேற்றுவதை இருமுறை செய்து அதனைச் செம்மைப்படுத்தினார். முதிர்ந்த விலங்குகளை விடுத்து, நரம்பு அமைப்பு இன்னும் எளிமையாக உள்ள பறவைக் கருக்களையும் இளம் உயிர்களையும் தேர்ந்தார். அப்போது ஓர் உண்மை தெளிவாயிற்று: ஒவ்வொரு நரம்பு செல்லும் தனித்தனியானது, அது அடுத்த செல்லை நெருங்குகிறதே அன்றி அதனோடு கலந்துவிடுவதில்லை.

கஹால் பெரிதும் விரும்பி ஆய்ந்தது விழித்திரையை. கண்ணின் உட்புறம் படர்ந்துள்ள மெல்லிய படலம் அது. ஒளியை உணரும் குச்சி செல்களும் கூம்பு செல்களும் அதன் பின்புறத்தில் உள்ளன. ஒளி மற்ற அடுக்குகளை ஊடுருவிச் சென்ற பின்னரே அவற்றை அடைகிறது. அங்கு எழும் செய்தி எதிர்த்திசையில் திரும்பி, இடைநிலைச் செல்களின் வழியே பெரிய நரம்பு செல்களை அடைந்து, அவற்றின் நீண்ட இழைகளால் மூளைக்குச் செல்கிறது. இவ்விழைகளின் கற்றையே பார்வை நரம்பு. செய்தி செல்லும் திசையைக் கஹால் தம் படங்களில் அம்புக்குறிகளால் காட்டினார்.

மனிதக் கண்ணில் ஏறத்தாழ 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் உள்ளன. பார்வை நரம்பிலோ இழைகள் ஏறத்தாழ 10 லட்சமே. எனவே கண் தான் பெற்றதை அப்படியே அனுப்புவதில்லை, தொகுத்து அனுப்புகிறது. விழித்திரையின் நடுக்குழியில் ஒரு கூம்பு செல்லுக்கு ஒரு தனிவழி உண்டு. அதனாலேயே சிறிய எழுத்தையும் படிக்க முடிகிறது. அதற்கு வெளியே பல குச்சி செல்கள் ஒரே வழியில் சேர்கின்றன. அங்கு நுண்மை குறையும். ஆயினும் மங்கிய ஒளியும் புலப்படும். மங்கலான விண்மீனை நேரே நோக்குவதினும் சற்றே பக்கவாட்டில் நோக்கினால் நன்கு தெரிவது இதனால்தான்.

தம் முடிவுகளை வெளியிடக் கஹால் 1888இல் சொந்தச் செலவில் ஓர் இதழ் தொடங்கினார். அச்சிட்டவை 60 படிகளே. அவற்றை அயல்நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ஸ்பானிய மொழி அறிந்தோர் அவர்களுள் சிலரே. ஆதலால் 1889இல் தம் நுண்ணோக்கித் தட்டுகளுடன் பெர்லின் நகரில் கூடிய அறிஞர் பேரவைக்குச் சென்றார். தொடக்கத்தில் பலர் ஐயத்துடன் நின்றனர். முதுபெரும் அறிஞர் கோலிக்கர் நுண்ணோக்கியில் நோக்கி, கஹாலின் கூற்று உண்மை என ஏற்றார். அவர் ஏற்றதும் உலகம் செவிசாய்த்தது.

1906இல் நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. கோல்ஜியோ அவ்விழா உரையிலும் வலைக் கொள்கையையே வலியுறுத்தினார். அவர் கண்ட சாயமுறையே அவர் கொள்கையை மறுக்கத் துணைசெய்தது. 1934 அக்டோபர் 17ஆம் நாள் கஹால் மத்ரித் நகரில் மறைந்தார். 1950களில் மின்னணு நுண்ணோக்கி, நரம்பு செல்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியை ஐயமறக் காட்டியது.

திறமையற்றது என ஒதுக்கப்பட்ட கையே, பார்வை மூளைக்குச் செல்லும் பாதையை உலகுக்கு வரைந்து காட்டியது. அவர் வரைந்த படங்களை நரம்பியல் மாணவர்கள் இன்றும் பயில்கின்றனர்.

அருஞ்சொற்பொருள்
நுண்ணோக்கி – மிகச் சிறியவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி
படி – பிரதி
கற்றை – தொகுதி, கட்டு
ஐயமற – சந்தேகம் இல்லாமல்

பயிற்சி
1. தந்தையின் விருப்பமும் மகனின் ஆசையும் எவ்வாறு ஒன்றாயின?
2. நரம்பு செல்கள் பற்றிக் கோல்ஜியும் கஹாலும் கொண்ட கருத்துகளை வேறுபடுத்தி எழுதுக.
3. ஒளி கண்ணுள் புகுந்தது முதல் செய்தி மூளைக்குச் செல்வது வரை உள்ள பாதையைப் படம் வரைந்து அம்புக்குறியிடுக.