ஆறு கடந்த குடும்பம்

1816-ம் ஆண்டு டிசம்பர் மாதம். கடுங்குளிர். அமெரிக்காவின் கெண்டகி மாநிலத்திலிருந்து ஒரு குடும்பம் புறப்படுகிறது. தாமஸ், தச்சு வேலையும் தெரிந்த ஓர் உழவர், வயது 38. மனைவி நான்சி. மகள் சாராவுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஏழு. அந்தச் சிறுவன்தான் ஆபிரகாம் லிங்கன்!

மரக்குடிசையில் பிறந்தவர் வெள்ளை மாளிகை புகுந்தார் என்று மேடைதோறும் பேசியிருக்கிறோம், கைதட்டலும் பெற்றிருக்கிறோம். அந்தக் குடிசையிலேகூட அவர்களைக் குடியிருக்கவிடாமல் விரட்டியது எது? பஞ்சமா? அல்ல. பகைவர் படையா? அதுவும் அல்ல. பத்திரம்! வெறும் நிலப் பத்திரம்!

கெண்டகியில் அன்று நிலம் அளந்த முறை விசித்திரமானது. இந்த ஓக் மரத்திலிருந்து அந்த ஓடை வரை என்று எழுதிவிடுவார்கள். மரம் சாய்ந்துவிடும், ஓடை திசை மாறிவிடும்; எல்லை எங்கே என்று யார் சொல்வது? ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் உரிமை கொண்டாடுவார்கள். வழக்காடப் பணம் உள்ளவன் வெல்வான், வியர்வை சிந்தியவன் வெளியேறுவான். தாமஸ் மூன்று இடங்களில் நிலம் பிடித்தார், மூன்றிலும் வில்லங்கம். ஆபிரகாம் பிறந்த பண்ணைக்கு 1808-ல் ரொக்கமாகவே 200 டாலர் கொடுத்திருந்தார். அதுவும் நிலைக்கவில்லை. அடுத்துக் குடியேறிய நாப் ஓடைக் கரையிலிருந்தும் வெளியேற்ற, 1815-ல் வழக்குத் தொடர்ந்தனர் வெளியூர்ச் செல்வர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கெண்டகி அடிமை மாநிலம். லிங்கன் குடும்பத்தார் சேர்ந்திருந்த பாப்டிஸ்ட் சபை அடிமை முறையை வெறுத்தது. ஆனாலும் முதற்காரணம் நிலம்தான் என்று லிங்கனே பின்னாளில் எழுதிவைத்தார். தந்தையைத் தியாகியாக்கிக் காட்ட அவர் முயலவில்லை. அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஒகையோ ஆற்றைக் கடந்தால் இந்தியானா. அந்த டிசம்பர் 11-ம் நாள்தான் அது தனி மாநிலமாயிற்று. அங்கே அடிமை முறைக்குத் தடை. நிலத்தையும் அரசாங்கமே சதுரம் சதுரமாக அளந்து விற்றது. (மண்ணின் பழங்குடி மக்களிடமிருந்து ஒப்பந்தம் என்ற பெயரால் பறித்த நிலம் அது என்பதையும் மறைப்பதற்கில்லை.) தாமஸ் 1817-ல் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் 160 ஏக்கருக்குப் பதிவு செய்தார். ஏக்கர் இரண்டு டாலர். முழுத் தொகையும் கட்ட முடியவில்லை. பாதியை விட்டுக்கொடுத்து, பத்தாண்டு கழித்து 80 ஏக்கருக்குத்தான் உரிமைப் பத்திரம் பெற்றார்.

அந்த 80 ஏக்கருக்கு அவர்கள் கொடுத்தது டாலர் மட்டுமல்ல. காட்டை வெட்டினார்கள், ஏழு வயதுச் சிறுவன் கையிலும் கோடரி! 1818 அக்டோபரில் நான்சி இறந்தார். நச்சுச் செடியைத் தின்ற பசுவின் பாலால் வரும் நோய். அன்று அதன் காரணம் அங்கே எவருக்கும் விளங்கவில்லை. தாயின் சவப்பெட்டிக்குத் தந்தை பலகை அறுத்தார், மகன் மர ஆணி செதுக்கினான் என்பர். வயது ஒன்பது! மறு ஆண்டு தாமஸ் கெண்டகி சென்று, மூன்று பிள்ளைகளுடைய விதவை சாரா புஷ்ஷை மணந்து அழைத்து வந்தார். மாற்றாந்தாய் என்றால் கொடுமைக்காரி என்பது கதை வழக்கு. இந்த அம்மையாரோ பையனின் படிப்புக்குத் துணை நின்றார். பள்ளியில் அவன் இருந்தது மொத்தத்தில் ஓராண்டுகூட இல்லை.

1830-ல் குடும்பம் மீண்டும் மாட்டு வண்டி கட்டி இல்லினாய்ஸ் சென்றது. பத்திரத் தகராறில் நிலம் இழந்தவரின் மகன் அங்கே வழக்கறிஞரானார். தந்தைக்கும் மகனுக்கும் நெருக்கம் குறைந்தது; 1851-ல் தாமஸ் இறந்தபோது லிங்கன் அடக்கத்துக்குக்கூடச் செல்லவில்லை.

1862 மே 20-ம் நாள், குடியரசுத் தலைவர் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐந்தாண்டு குடியிருந்து உழுதவனுக்கு, சிறு பதிவுக் கட்டணம் தவிர விலையின்றி, அரசு நிலம் சொந்தம். தலைக்கு 160 ஏக்கர் வரை. வின்சென்ஸில் தாமஸ் கேட்டதும் அதே அளவுதான்.